எந்தப் பெயருக்கு எந்த வினை?

கேம்பிரிட்ஜில் வாழ்ந்த சி. கே. ஆக்டன் என்ற அறிஞர், உலகத்தார் யாவரும் சிரமமின்றிக் கற்கத்தக்க ஒரு சிறிய ஆங்கிலத்தை வகுத்துவிட வேண்டும் என்று கருதி, அந்தப் பாஷையின் அளவிறந்த சொற்களிலிருந்து 850-ஐ மட்டும் பொறுக்கியெடுத்து, 1930-இல் 'பேஸிக் இங்கிலீஷ்' என்ற பெயரில் வெளியிட்டார். அவற்றுள் வினை என்று அவர் அனுமதித்தவை பதினெட்டே. கம், கோ, கெட், கிவ், கீப், புட், மேக், டேக், டூ, ஹேவ் முதலிய அந்தச் சொற்கள், ஆரம்பப் பள்ளிப் பிள்ளையும் அறிந்தவை. 'டிஸைட்' என்ற வினை எதற்கு, 'மேக் எ டிஸிஷன்' என்றால் போதாதா. 'ஆஸ்க்' எதற்கு, 'புட் எ க்வெஸ்சன்' என்று சொல்லிவிட்டுப் போகலாமே என்பது அவருடைய யுக்தி. 1943-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் கௌரவப் பட்டம் பெற்றுக்கொண்டு பிரசங்கம் செய்த சர்ச்சில்கூட இந்தத் திட்டத்தை மெச்சிப் பேசினார்.

பார்வைக்கு அழகான திட்டந்தான். ஆனால் கற்பவன் தலையிலிருந்து ஆக்டன் இறக்கிவைத்த சுமையைக் காட்டிலும் ஏற்றிவைத்த சுமையே அதிகம் என்பது என் அபிப்பிராயம். பதினெட்டு வினைகளைச் சில நாட்களில் நெட்டுருப் போட்டுவிடலாம். எந்தப் பெயர் எந்த வினையோடு கூடும் என்பதை அறிய ஆயுள் வேண்டும். முயற்சிக்கு 'மேக்', பதிலுக்கு 'கிவ்', நாட்குறிப்புக்கு 'கீப்', கவனத்துக்கோ கடன்காரனுக்குப் பணம் கட்டுவதற்குரிய 'பே'. இதைக் கண்டு சிரிப்பவர்கள், நாமும் வரியைச் செலுத்தும் அதே வினையால்தான் கவனத்தையும் செலுத்துகிறோம் என்பதை நினைத்துக்கொள்வது நலம்.

பள்ளிக்கூடங்களில் 'மேக்', 'டூ' என்ற இரண்டுக்கும் ஒரு சூத்திரம் சொல்லித் தருவார்கள்: புதிதாக ஒன்றை உண்டாக்கினால் முன்னது, ஒரு காரியத்தை நிறைவேற்றினால் பின்னது. தேநீரும் சத்தமும் பிழையும் முன்னதற்கு அடங்கும். கடமையும் உபகாரமும் பின்னதற்கு அடங்கும். படுக்கையிடம் வந்ததும் சூத்திரம் தடுமாறுகிறது. காலையில் எழுந்து விரிப்பை உதறிச் சரிசெய்பவள் எந்தப் படுக்கையையும் உண்டாக்குவதில்லை. எனினும் அவள் செய்வது 'மேக் தி பெட்'. ஒன்றுமில்லாத காகிதத்தில் கட்டுரையொன்றைப் படைக்கும் மாணவனோ வீட்டுப்பாடத்தை 'டூ' பண்ணுகிறான். வியாபாரம் 'டூ', அதில் வரும் பணம் 'மேக்'.

இவற்றுள் மிகப் பெரிய குடும்பஸ்தன் 'டேக்'. காய்ச்சற்காரன் ஒருவன் வைத்தியரிடம் போய்வரும் ஒரு பொழுதைக் கவனியுங்கள். அவன் பஸ்ஸில் ஏறிச் செல்கிறான்; காத்திருக்கும் அறையில் அமர்கிறான்; வைத்தியர் அவன் உஷ்ணத்தை அளக்கிறார்; மருந்து சாப்பிடச் சொல்கிறார்; உடம்பைப் பார்த்துக்கொள்ளும்படி எச்சரிக்கிறார்; குணமாகச் சிலநாள் பிடிக்கும் என்கிறார். தமிழில் வினைக்கு வினை மாறி நிற்கும் இத்தனைக்கும் ஆங்கிலத்தில் 'டேக்' ஒன்றே போதும். ஜலதோஷத்துக்கு மட்டும் 'கேட்ச்' வருகிறது. அங்கே மனிதன் ஜலதோஷத்தைப் பிடிக்கிறான், நம் ஊரில் ஜலதோஷம் மனிதனைப் பிடிக்கிறது. இவ்வளவு செல்வாக்குள்ள 'டேக்', பூர்வத்தில் அந்நாட்டுச் சொல்லே அன்று. 9-ஆம் நூற்றாண்டிலிருந்து இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய ஸ்காண்டிநேவியரின் பேச்சிலிருந்து அது புகுந்தது. அதற்குமுன் வழங்கிய 'நிமன்' என்ற சொல்லை, ஜெர்மானியரின் 'நேமன்' எதற்கு உறவோ அந்தச் சொல்லை, வந்தேறி சிறிது சிறிதாக வெளியே தள்ளிவிட, மரத்துப்போன என்று பொருள்படும் 'நம்ப்' போன்ற ஓரிரு சொற்களில் மட்டும் அதன் வித்து இன்று தங்கியிருக்கிறது.

பெயரோடு கூடும்போது தம் சொந்தப் பொருளைப் பெரும்பாலும் இழந்து நிற்கும் இத்தகைய வினைகளுக்கு, டேனிஷ் இலக்கண ஆசிரியர் ஆட்டோ யெஸ்பர்ஸன், தாம் 1942-இல் வெளியிட்ட இலக்கண நூற்பகுதியில், 'லைட்' என்னும் அடைமொழியைக் கொடுத்தார். கனமற்ற வினைகள் என்று நாம் வைத்துக்கொள்ளலாம். கனமற்றவை என்பதால் பொருளற்றவை என்று எண்ணுவது அவசரம். அன்னா வியெர்ஸ்பிக்கா என்ற மொழியியலாளர் 1982-இல் 'லாங்வேஜ்' சஞ்சிகையில் எழுதிய கட்டுரையின் தலைப்பே ஒரு வினா: 'ஹேவ் எ ட்ரிங்க்' என்று சொல்லலாம், 'ஹேவ் அன் ஈட்' என்று ஏன் சொல்லக்கூடாது? குறுகிய நேரத்தில் முடிவதும், வேறு பிரயோஜனம் கருதாததும், செய்பவனுக்கு ஏதேனும் அனுபவம் தருவதும், மீண்டும் செய்யத்தக்கதுமான செயலே அந்த 'ஹேவ்' என்ற கூரையின் கீழ் வரும் என்பது அவருடைய விளக்கத்தின் சாரம். மாலையில் ஆற்றோரமாக உலாவுபவனுக்கு 'ஹேவ் எ வாக்' பொருந்தும். பஸ் கிடைக்காமல் அலுவலகத்துக்கு வேர்க்க விறுவிறுக்க நடப்பவனுக்குப் பொருந்தாது. 'கிவ் எ கிக்' என்றால் ஒரே ஓர் உதை. வெறும் 'கிக்' என்ற வினையோ எத்தனை உதைக்கும் இடம் தரும். ஆக, இந்தச் சேர்க்கையில் சிறிது நியாயமும் மிகுதியாகச் சம்பிரதாயமும் கலந்திருக்கின்றன. எது எவ்வளவு என்று பிரிப்பதுதான் கடினம்.

தாய்மொழியாளனுக்கு இந்தக் கலப்பு கண்ணிற்படுவதே இல்லை. அந்நியன் தடுக்கி விழும்போதுதான் அங்கே ஒரு படி இருப்பது தெரிகிறது. ஆதலால் இந்தச் சேர்க்கைகளை முறையாகத் தொகுக்கும் பணி லண்டனில் அன்றி டோக்கியோவில் ஊக்கம் பெற்றதில் விந்தையில்லை. ஜப்பானியக் கல்வித்துறைக்கு ஆலோசகராகச் சென்ற ஹெரால்டு பாமர், 1933-இல் இதைப் பற்றித் தனி அறிக்கையொன்று வெளியிட்டார். அவரோடு உழைத்த ஏ. எஸ். ஹார்ன்பி, கற்பவர்களுக்கென்றே இயற்றிய அகராதியும் முதலில் 1942-இல் டோக்கியோவில்தான் அச்சேறியது. ஆக்ஸ்போர்டார் அதனை 1948-இல் மறுபதிப்பாக்கினார்கள். சொல்லின் பொருளில் ஒரு பகுதி அதன் சகவாசத்தால் அமைகிறது என்ற கொள்கையைப் பின்னர் வற்புறுத்திய ஜே. ஆர். ஃபிர்த், அதற்கு முன் லாகூரில் பல வருஷங்கள் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர்.

இக்கொள்கை தமிழனுக்குப் புதுமையாகத் தோன்றக் காரணமில்லை. வெவ்வேறு வினைகளுக்குரிய பல பொருள்களைப் பொதுவாகக் குறிக்கும் சொல்லுக்கு, அவற்றுள் ஒன்றற்கே உரிய வினையைக் கொடுத்து முடிக்கலாகாது என்று தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் விதி செய்கிறது. உணவில் உண்பன, தின்பன, பருகுவன என்றும், அணிகலனில் கவிப்பன, கட்டுவன, செறிப்பன, பூண்பன என்றும் உரைகாரர்கள் பிரித்துக் காட்டுவர். இன்றைய பேச்சில் 'போடு' ஒன்றே கோலம், காப்பி, கையெழுத்து, சண்டை, சட்டை, தூக்கம் ஆகிய அனைத்தையும் கட்டி மேய்க்கிறது. சென்னைக்கு வந்து தமிழ் கற்கும் ஆங்கிலேயன், நாம் அவனைப் பழிவாங்கிவிட்டதாகவே நினைப்பான்.

ஆங்கிலம் பேசுவோருக்குள்ளேயே ஒற்றுமை இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. குளியலுக்கு லண்டன்காரர் 'ஹேவ்' என்பார், நியூயார்க்காரர் 'டேக்' என்பார். தீர்மானத்துக்கு அமெரிக்கர் 'மேக்' என்றே சொல்ல, பிரிட்டனில் 'டேக்'கும் செல்லுபடியாகும். பரீட்சைக்கு பிரிட்டிஷ் மாணவன் 'சிட்' அல்லது 'டேக்' என்கிறான். ஹிந்தி பேசும் மாணவன் தன் வீட்டு வழக்கப்படி பரீட்சையை 'கிவ்' பண்ணிவிடுகிறான். பரீட்சையைக் கொடுப்பவர் ஆசிரியர் அல்லவா என்று கேட்கும் பிரிட்டிஷ்காரருக்கு அது குழப்பத்தை உண்டாக்கும். தமிழ் மாணவன் பரீட்சையை 'ரைட்' என்கிறான், தமிழில் எழுதுவது போலவே. கனடாவிலும் இந்த 'ரைட்' சர்வ சாதாரணமாக வழங்குவதால், அதைக் கண்டவுடன் சிவப்பு மையைத் தேடும் நம் ஆசிரியர்கள் பேனாவைச் சற்று மூடிவைக்கலாம்.