நமக்குச் செரிக்காத வெங்காயம்

நுரைச்சோலைப் பக்கம் தோட்டத்து மண்ணை அள்ளினால் விரலிடுக்கில் ஒழுகிவிடும், அவ்வளவும் மணல். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. நடுவே இந்தக் கற்பிட்டி மணலில்தான் கிணற்றுத் தண்ணீர் இறைத்துச் சின்ன வெங்காயமும் மிளகாயும் பீட்ரூட்டும் விளைவிக்கிறார்கள். தாளோடு பிடிபிடியாகக் கட்டித் தொங்கும் வெங்காயத்தைக் கண்டால் எனக்கு எப்போதும் வியப்பு: அதில் நல்லதொரு பங்கு நமக்குச் செரிக்கவே செரிக்காது.

நெல் தன் சேமிப்பை மாப்பொருளாக வைக்கிறது. வெங்காயமோ சீனிக் கூறுகளைச் சங்கிலியாகக் கோத்துப் பிரக்டானாக வைக்கிறது. அந்தச் சங்கிலியை அறுக்கும் நொதியம் மனிதரிடம் இல்லை. சம்பலில் மென்ற வெங்காயத்தின் பிரக்டான் இரைப்பை, சிறுகுடல் தாண்டிப் பெருங்குடலுக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே பற்றீரியாக்கள் இருக்கின்றன. ஓர் உடலில் ஏறத்தாழ 38 இலட்சம் கோடி என்று 2016இல் கணக்கிட்டார்கள், பெரும்பாலானவை பெருங்குடலில்தான்.

ஒட்சிசன் எட்டாத அந்த இருட்டில் ஒரு வகை பாதி உடைத்து விட்டதை இன்னொரு வகை எடுத்து முடிக்கிறது. வயிற்றில் காற்றுச் சேர்வதும் இதனால்தான். முடிவில் பியூட்டிரேட் என்ற சிறிய கொழுப்பமிலம் கிடைக்கிறது. பெருங்குடல் சுவரின் கலங்களுக்கு முக்கிய எரிபொருளே அதுதான். நம் குடலின் சுவர், பற்றீரியா ஆக்கிப் போட்டதைத் தின்று உயிர்வாழ்கிறது!

பிரக்டான் போன்ற நார்ப்பொருள் வராவிட்டால்? எலிகளில் பார்த்தபோது, பசித்த பற்றீரியாக்கள் குடலைப் போர்த்தியிருக்கும் சளிப்படலத்தையே தின்னத் தொடங்கின. காவல் தளர்ந்தால் பற்றீரியாவின் உடைந்த துணுக்குகள் இரத்தத்தில் கலக்கும். குடலின் இரத்தம் நேரே போவது ஈரலுக்கு. ஈரல் பெறும் இரத்தத்தில் முக்கால் பங்கு, குடலிலிருந்து வரும் வாயினாளம் வழியாகத்தான் வருகிறது. அங்குள்ள காவற்கலங்கள் துணுக்குகளைக் கண்டதும் அழற்சியை மூட்டுகின்றன. ஏற்கெனவே கொழுப்புப் படிந்த ஈரலில் அழற்சி நீடித்தால் தழும்பு விழும்.

புத்தளம் ரயில்பாதை பிரியும் றாகமையில் 35 முதல் 64 வயது வரையானோரைப் பரிசோதித்து 2009இல் வெளியான ஆய்வு, ஏறத்தாழ மூன்றிலொருவருக்கு மதுவால் வராத கொழுப்பு ஈரல் இருப்பதைக் காட்டியது. மரக்கறி மட்டும் அதைத் தீர்க்காது. உடல் எடை, சீனி, நடை எல்லாம் சேர்ந்த கணக்கு அது. ஆனாலும் குவித்த சோற்றின் ஓரத்தில் ஒரு கரண்டி முருங்கைக்கீரைச் சுண்டலோடு நாம் நிறுத்திக்கொள்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது. நாளுக்கு 400 கிராம் மரக்கறியும் பழமும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பீட்ரூட்டின் நார் வேறு, கீரையின் நார் வேறு. ஒவ்வொன்றையும் விரும்பித் தின்னும் பற்றீரியாவும் வேறு. தோட்டத்து விளைச்சல் லொறி ஏறுவதற்கு முன் எல்லாவற்றிலும் கொஞ்சம் வீட்டு அடுப்படிக்கும் போகட்டும்.