புதுப்பித்த டீசல் எஞ்சின்: முதல் 50 மணி நேரம்

பம்பு செட் எஞ்சின் புகை கக்கி, ஆயிலும் குறையத் தொடங்கினால் லைனர், பிஸ்டன், ரிங் ஆகியவற்றை மாற்றுகிறார்கள். செலவு சிறிதல்ல. ஆனால் பட்டறையிலிருந்து எஞ்சின் வந்த அன்றே, பயிர் காய்கிறது என்று விடிய விடிய முழுப் பளுவில் ஓட்டிவிடுபவர் பலர். வேறு சிலரோ பயந்துகொண்டு, நாள் கணக்கில் பளுவே இல்லாமல் ஓட்டுகிறார்கள். இரண்டுமே கெடுதல்.

புதிய லைனரின் உட்சுவரில் ஹோனிங் கல் உண்டாக்கிய மெல்லிய குறுக்குக் கோடுகள் இருக்கும். இக்கோடுகளின் மேடுகளும் ரிங்கின் விளிம்பும் உராய்ந்து ஒன்றுக்கொன்று படிந்தால்தான் அழுத்தம் கசியாது. ரிங்கைச் சுவரோடு அழுத்துவது பெரும்பாலும் எரிவாயுவின் அழுத்தமே. பளு இல்லாவிட்டால் அந்த அழுத்தம் போதாது. சுவரில் தங்கும் ஆயில் கருகிக் கண்ணாடிபோல் பூசிக்கொள்ளும். பிறகு ரிங் படியவே படியாது. மீண்டும் கழற்றி ஹோனிங் செய்ய வேண்டியதுதான். மாறாக, தொடக்கத்திலேயே முழுப் பளு கொடுத்தால் உராயும் இடங்கள் அளவு மீறிச் சூடாகி, பிஸ்டன் கோடு விழுந்து இறுகிவிடும்.

எஞ்சினைக் கிளப்புமுன் டிகம்ப்ரஷன் லீவரைத் தூக்கி, ஹேண்டிலால் பல சுற்று சுற்றினால் ஆயில் எல்லா இடங்களுக்கும் பரவும். கிளப்பியபின் சில நிமிடம் சூடேறவிட்டு, உடனே பாதிப் பளு கொடுக்கலாம்.

பம்பு செட்டில் பாதிப் பளு கொடுப்பது எப்படி? வெளியேற்றும் குழாயில் கேட் வால்வு இருந்தால் அதைப் பாதி மூடி வைத்தால் போதும். தண்ணீர் குறையும்போது மையவிலக்கு பம்பு இழுக்கும் சக்தியும் குறைகிறது. நாற்றங்கால், காய்கறிப் பாத்திகளுக்கு அந்தத் தண்ணீர் தாராளம். வால்வை முழுவதும் மூடக்கூடாது. எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர்க் குழாய் வால்வுக்கு முன்பாகவே பிரிய வேண்டும் என்பதை மறக்கலாகாது. முதல் 10 மணி நேரத்துக்குப் பிறகு வால்வைச் சிறிது சிறிதாகத் திறந்து, 25 மணி நேரத்துக்குள் முக்கால் பளுவுக்கும், அதன்பின் முழுப் பளுவுக்கும் வரலாம். எஞ்சினுடன் வந்த கையேடு வேறு அளவு கூறினால் அதையே பின்பற்றுக.

டிராக்டருக்கும் இதே முறைதான். ஆழ உழவும் சேற்றுழவும் பிறகு. முதலில் பாதிப் பாரம் ஏற்றிய டிரெய்லர் போதும்.

சில மணி நேரம் ஓடியபின், எஞ்சின் முற்றிலும் ஆறியதும் ஹெட் நட்டுகளை எதிரெதிராக மீண்டும் இறுக்கி, டாப்பெட் இடைவெளியையும் சரிபார்க்கச் சொல்ல வேண்டும். இதற்கு மெக்கானிக்கை மறுபடி அழைக்கத் தயங்குபவர்களே அதிகம். கூலி பேசும்போதே இதையும் சேர்த்துப் பேசிவிடுவது நல்லது.

முதல் ஆயிலை 25 மணி நேரத்தில் சூடாக இருக்கும்போதே வடித்துவிட வேண்டும். விரலில் தேய்த்துப் பார்த்தால் பளபளக்கும் இரும்புத் தூள் தெரியக்கூடும். அது மீண்டும் பேரிங்குக்குள் போகக்கூடாது. ஆயிலின் மட்டத்தையும் ஓடிய மணி நேரத்தையும் தினமும் குறித்து வந்தால், 50 மணி நேரத்துக்குப் பிறகும் நீலப் புகை நிற்காமல் ஆயில் குறைந்துகொண்டே போகும் எஞ்சினை, குறிப்பேட்டுடன் பட்டறைக்காரரிடம் காட்டிக் கேட்கலாம்.