படம் பிடிக்க ஆள் பேசும் முன்...

கலியாணமோ பிள்ளையின் சாமத்தியச் சடங்கோ வந்துவிட்டால், சாப்பாடு, சீலை, நகை என்று பத்து முறை யோசித்துத்தான் செலவு செய்கிறோம். படம் பிடிக்கிறவரை மட்டும் யாரோ சொன்னார்கள் என்று தொலைபேசியில் இரண்டு வார்த்தை பேசி முடித்துவிடுகிறோம். சாப்பாடு அன்றோடு முடிந்துவிடும். படம் பேரப்பிள்ளை காலம் வரை இருக்க வேண்டியது.

படத்தின் பெறுமதி நமக்குத் தெரியாததல்ல. 1977இலும் 1983இலும் நடந்த வன்செயல்களால் தோட்டங்களை விட்டு வன்னிக்குப் போன மலையகக் குடும்பங்கள் பல. அங்கே போர் வந்து மீண்டும் இடம்பெயர்ந்தபோது பலரின் அல்பங்களும் போய்விட்டன. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அந்தத் தாய்மாரும் மனைவிமாரும் கையில் ஏந்தியிருப்பது மகனின், கணவனின் படத்தைத்தான். ஒரு சாதாரணப் படம் எப்போது சாட்சியாகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆகவே சகோதரிகளே, ஆள் பேசும் முன் சில விடயங்களைத் தெரிந்துகொள்வோம்.

என்ன கேட்க வேண்டும்?

புளத்கொகுபிட்டிய டவுனில் என்றாலும், கேகாலை, எட்டியாந்தோட்டைப் பக்கத்திலிருந்து அழைப்பதென்றாலும், நேரில் போய்ப் பேசுவது நல்லது. ஸ்டூடியோவில் காட்டும் சில அழகான படங்களை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். ஒரே கலியாணத்தின் முழு அல்பத்தையும் காட்டச் சொல்லுங்கள். இருட்டான லயத்து அறையில், இஸ்தோப்பில், கோயிலுக்குள் எடுத்த படங்கள் எப்படி இருக்கின்றன என்று பாருங்கள். தொழில் அங்கேதான் தெரியும்.

“நீங்களே வருவீர்களா, வேறு ஆளை அனுப்புவீர்களா?” என்று கேளுங்கள். முகூர்த்த நாட்களில் ஒருவரே இரண்டு, மூன்று வீடுகளுக்கு ஒத்துக்கொள்வதுண்டு. எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை நிற்பார், அல்பத்தில் எத்தனை பக்கம், வீடியோ சேர்த்தா, தோட்டத்துக்கு வரும் வாகனச் செலவு யாருடையது என்பவற்றையும் முதலிலேயே பேசிவிட வேண்டும்.

காசும் கடதாசியும்

முழுக் காசையும் முதலில் கொடுக்காதீர்கள். முற்பணத்துக்குப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். மீதியில் ஒரு பகுதியை அல்பம் கைக்கு வரும் நாளுக்கு வையுங்கள். பேசியவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிட்டால் போதும். அதில் அல்பம் தரும் திகதியும் இருக்கட்டும். சடங்கு தள்ளிப்போனால் முற்பணத்துக்கு என்ன நடக்கும் என்பதும் இருக்கட்டும். எழுத்து வாசிப்பு இல்லாதவர்கள் நம்பிக்கையான ஒருவரைக் கூட்டிச் செல்லலாம். தெரியாத மொழியில் எழுதிய தாளில் கையொப்பமிட வேண்டாம்.

படம் யாருக்குச் சொந்தம்?

காசு கொடுத்தவருக்குத்தான் என்று நினைக்கிறோம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் புகைப்படத்தையும் ஒரு படைப்பாகவே பார்க்கிறது. படைப்பின் உரிமை முதலில் அதை எடுத்தவருக்கு. அவர் ஸ்டூடியோவில் சம்பளத்துக்கு வேலை செய்பவரானால், வேறு உடன்பாடு இல்லாதபோது முதலாளிக்கு. அந்த உரிமையை இன்னொருவருக்கு மாற்றுவதென்றால் எழுத்தில் இருக்க வேண்டும். இந்தியாவில் சட்டம் வேறு. அங்கே காசு கொடுத்து எடுப்பித்த படம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுப்பித்தவருக்கே உரியது.

அதனால் அந்தத் தாளில் இரண்டு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்று, படங்களை நாங்கள் விரும்பியபடி பிரதி எடுக்கலாம். மற்றது, எங்களைக் கேட்காமல் படத்தை ஸ்டூடியோ கண்ணாடியிலோ முகநூலிலோ போடக் கூடாது. சாமத்தியச் சடங்குப் படங்களில் இது மிக முக்கியம். அவள் இன்னும் சிறுபிள்ளை. அவள் படம் தெரியாதவர்களின் தொலைபேசிகளில் சுற்றக் கூடாது. படம் எடுப்பதற்கு முன் அவளுடைய விருப்பத்தையும் கேளுங்கள். உடை மாற்றும் இடத்தில் கமராவுக்கு இடமில்லை என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

உதவியோடு வரும் கமரா

போரால் பாதிக்கப்பட்ட பெண்களைப் படம் எடுக்கக் கேட்காமலே வருபவர்களும் உண்டு. 1984இல் பாகிஸ்தானின் ஓர் அகதி முகாமில் ஆப்கான் சிறுமி ஒருத்தியை ஸ்டீவ் மக்கரி படம் எடுத்தார். அது 1985 ஜூனில் நஷனல் ஜியோகிரபிக் சஞ்சிகையின் அட்டையில் வந்து உலகப் புகழ் பெற்றது. அவர் பெயர் ஷர்பத் குலா என்பது 2002இல் தேடிக் கண்டுபிடித்த பிறகே உலகுக்குத் தெரிந்தது. அதுவரை அவர் தன் படத்தைப் பார்த்ததே இல்லை.

நமக்கு அப்படி நேர வேண்டியதில்லை. எதற்காக எடுக்கிறீர்கள், எங்கே போடுவீர்கள், பெயரும் ஊரும் வருமா என்று கேளுங்கள். வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அரிசிப் பொதிக்கோ தையல் இயந்திரத்துக்கோ உங்கள் முகம் விலையல்ல.

வாங்கிய பிறகு

அல்பத்தோடு நிறுத்திவிடாமல் மூலப் படங்களைப் பென் டிரைவில் கேட்டு வாங்குங்கள். வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கிவிடும். பெரிதாக்கினால் மங்கலாகத் தெரியும். ஒரு பிரதி வீட்டில், இன்னொன்று வேறு ஊரில் உள்ள உறவினரிடம் இருக்கட்டும். மண்சரிவும் வெள்ளமும் வரும் பகுதி நம்முடையது. பழைய நெகடிவ் இருந்தால் ஈரம் படாத டப்பாவில் வையுங்கள். மழைக் காலத்தில் பூஞ்சணம் பிடிக்கும்.

தேசிய அடையாள அட்டைக்கு ஆட்பதிவுத் திணைக்களத்தில் பதிவு செய்த ஸ்டூடியோவிலேயே படம் எடுக்க வேண்டும். அங்கே தரும் பற்றுச்சீட்டைத் தொலைக்காதீர்கள்.

ஏமாற்றப்பட்டால் பேசாமல் இருக்க வேண்டாம். பற்றுச்சீட்டோடு மத்தியஸ்த சபைக்குப் போகலாம். நுகர்வோர் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். படத்தைக் காட்டி யாராவது மிரட்டினால் பெண்களுக்கான 1938ஐ அழையுங்கள். வெட்கப்பட வேண்டியவர் மிரட்டுபவர்தான், நீங்கள் அல்ல.