உப்பினால் பல் வெளுக்குமா?

மரக்காணத்து உப்பளக் கிராமங்களில் கல்லுப்புக்குக் குறைவில்லை. அதனைக் கரித்தூளுடன் சேர்த்து அழுத்தித் தேய்த்தால் பல் வெண்மையாகுமென எண்ணுவோர் உளர். முதலில் மேற்கறை நீங்குவது மெய்யே. ஆயினும் நாளடைவில் பல்லின் மேலோடாகிய எனாமல் தேய்கிறது. அதன் அடியிலுள்ள பாகம் இயற்கையிலேயே மஞ்சள் நிறமுடையது. ஆதலின் தேய்க்கத் தேய்க்க மஞ்சளே மிகும், கூச்சமும் காணும். தேய்ந்த எனாமல் மீண்டும் வளராது.

தேய்ப்பினால் நீங்காத கறையும் உண்டு. தர்மபுரி ஜில்லாவில் பலருக்குக் காணும் பழுப்புக்கறை, குழந்தைப் பருவத்தில் குடித்த நீரில் புளோரைடு மிகுந்திருந்ததால் பல்லினுள்ளேயே படிந்ததாகும்.

வெற்றிலையோடு புகையிலை மெல்லுதல் கறையுடன் வாய்ப் புற்றுநோயையும் விளைவிக்கும். இனிப்பை அடிக்கடி தின்றால் வாய்க்கிருமிகள் அதனை அமிலமாக்கிப் பல்லை அரிக்கும்.

ஆகவே அங்கத்தினர்கள் உப்பை நீரில் கரைத்துக் கொப்பளிப்பதோடு நிறுத்தி, காலையும் இரவும் மெல்லிய பிரஷினாலும் பற்பசையாலும் துலக்கி, தம் குழந்தைகளையும் அவ்வாறே பழக்குவார்களாக.