எல்லாமே அவசரம் என்றால் மனம் எங்கே நிற்கும்?

இஷா தொழுதுவிட்டுப் படுக்கப் போகும்போது நம்மில் பலருக்கும் ஒரே கேள்விதான் வருகிறது. "இன்று முழுக்க ஓடினோமே, உருப்படியாக என்ன செய்தோம்?" காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பியதில் தொடங்கி கரண்ட் பில், ரேஷன் கடை, மதரஸா, சொந்தக்காரர் வீட்டு நிச்சயதார்த்தம், வாட்ஸ்அப்பில் வந்து குவிந்த செய்திகள் என்று கை ஓயவே இல்லை. ஆனால் உம்மாவின் பக்கத்தில் பத்து நிமிடம் உட்கார முடியவில்லை. மகனுடைய கணக்கு நோட்டைப் புரட்டிப் பார்க்கவில்லை. இரண்டு மாதமாகத் தள்ளிப்போடும் சுகர் டெஸ்ட் இன்றைக்கும் தள்ளிப்போனது. தொழுகையில் நின்றபோதுகூட மனம் கடைத்தெருவில் நின்றது.

இதைச் சோம்பேறித்தனம் என்று யாரும் சொல்ல முடியாது. வேலை அதிகம் என்பதும் பாதிக் காரணம்தான். எது முதலில், எது பிறகு, எது வேண்டவே வேண்டாம் என்று முடிவு செய்யாமல் அத்தனையையும் ஒரே நேரத்தில் மனதில் சுமப்பது மீதிப் பாதி. அந்த மீதிப் பாதியைப் பற்றித்தான் இங்கே பேசுகிறோம். ஏனென்றால் அதை மாற்றுவது நம் கையில் இருக்கிறது.

முக்கியமானது சத்தம் போடாது

மனிதர்களுக்கு இயல்பாகவே ஒரு பலவீனம் உண்டு. 2018ஆம் ஆண்டு மெங் ஸூ, யாங் யாங், கிறிஸ்டோபர் ஷீ என்ற மூன்று ஆய்வாளர்கள் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஆய்வுக்கு வந்தவர்கள் முன்னால் இரண்டு வேலைகளை வைத்தார்கள். ஒன்றுக்குப் பலன் அதிகம், அவகாசமும் அதிகம். மற்றதற்குப் பலன் குறைவு, ஆனால் "இந்த வாய்ப்பு சீக்கிரம் முடிந்துவிடும்" என்று சொல்லப்பட்டது. கணக்குப் போட்டுப் பார்த்தால் முதல் வேலையைத்தான் எடுக்க வேண்டும். அப்படியிருந்தும் அவசரம் என்ற பெயர் ஒட்டியிருந்ததாலேயே குறைந்த பலன் தரும் வேலையை எடுத்தவர்கள் கூடிப்போனார்கள். தங்களை எப்போதும் பிஸியானவர்கள் என்று நினைப்பவர்களிடம் இந்தப் பழக்கம் இன்னும் அதிகமாகத் தெரிந்தது.

நம் வீட்டிலும் இதுதான் நடக்கிறது. போன் மணி அடிக்கிறது, உடனே எழுந்து போகிறோம். உம்மாவின் கண்ணில் வளரும் புரை மணி அடிப்பதில்லை. பதின்மூன்று வயது மகள் கொஞ்ச நாளாகப் பேசாமல் இருப்பது மணி அடிப்பதில்லை. கணவன் மனைவிக்குள் பேச்சு குறைந்து வருவதும் அப்படித்தான். முக்கியமான காரியங்களில் பெரும்பாலானவை அமைதியாகக் காத்திருக்கும். சத்தம் போடும் நிலைக்கு அவை வரும்போது ஆஸ்பத்திரியிலோ ஜமாஅத் பஞ்சாயத்திலோ நிற்போம்.

இன்னொரு விஷயமும் உண்டு. ஒரு வேலையைப் பாதியில் விட்டு அடுத்ததற்குப் போனால், மனம் முழுவதாகக் கூடவே வந்துவிடுவதில்லை. ஒரு பகுதி பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறது. சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் இதை 'கவனத்தின் எச்சம்' என்ற பொருளில் பெயரிட்டு விளக்கினார். கறி தாளிக்கும்போது ஒரு மெசேஜ், மெசேஜுக்குப் பதில் எழுதும்போது வாசலில் ஆள், ஆளை அனுப்பிவிட்டு வந்தால் தாளிப்பு கருகிக் கிடக்கிறது. சமையலறையில் நிற்கும் எந்தப் பெண்ணுக்கும் இதை விளக்க ஆய்வு தேவையில்லை.

நல்ல செய்தியும் இருக்கிறது. முடியாத வேலை மனதை அரித்துக்கொண்டே இருக்கும் என்றாலும், அதை உடனே முடித்தால்தான் நிம்மதி என்பதில்லை. எப்போது, எப்படிச் செய்வது என்று தெளிவாக முடிவு செய்தாலே அந்த அரிப்பு குறைகிறது என்று மாசிகாம்போவும் பாமைஸ்டரும் 2011இல் காட்டினார்கள். 2018இல் அமெரிக்காவின் பேலர் பல்கலைக்கழகத்தில் 57 இளைஞர்களை வைத்து இன்னொரு சோதனை நடந்தது. படுக்கும் முன் ஐந்து நிமிடம், இனிச் செய்ய வேண்டிய வேலைகளைத் தாளில் எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சராசரியாக ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். சிறிய ஆய்வுதான். ஆனால் ஒரு தாளும் பேனாவும் போதும் என்பதால் யாரும் செய்து பார்க்கலாம்.

வரிசை நமக்குப் புதிதா?

ஃபர்ளு, வாஜிப், சுன்னத், நஃபில் என்ற வரிசையை நாம் மதரஸாவில் ஏழெட்டு வயதிலேயே மனப்பாடம் செய்தோம். எல்லாம் நன்மைதான், ஆனால் எல்லாம் ஒரே எடை இல்லை என்ற பாடம் அதற்குள் இருக்கிறது. கிரானடாவில் வாழ்ந்து 1388இல் மறைந்த இமாம் ஷாதிபி (ரஹ்) தமது 'அல்-முவாஃபகாத்' நூலில் மனிதத் தேவைகளை மூன்று படிகளாக விரிவாக விளக்குகிறார். இல்லாமல் வாழவே முடியாதவை முதல் படி. இல்லாவிட்டால் சிரமம் தருபவை இரண்டாவது. வாழ்க்கைக்கு அழகும் நயமும் சேர்ப்பவை மூன்றாவது. முதல் படியில் கட்டாயம் காக்கப்பட வேண்டியவையாக மார்க்க அறிஞர்கள் சொல்லும் ஐந்தில் மார்க்கம், உயிர், சந்ததி, செல்வம் ஆகியவற்றோடு 'அக்ல்' என்னும் அறிவும் ஒன்று. மனநலத்தைக் காப்பது வசதி படைத்தவர்களின் சமாச்சாரம் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

நம் சமுதாயத்தில் மூன்றாவது படி பல நேரங்களில் முதல் படியில் ஏறி உட்கார்ந்துவிடுகிறது. கல்யாண மண்டப அலங்காரத்துக்கு வட்டிக்குக் கடன் வாங்கிவிட்டு, அடுத்த ஐந்து வருடம் தூக்கம் இல்லாமல் தவிக்கும் வாப்பாக்கள் எத்தனை பேர்? அந்த வீட்டின் மனநலப் பிரச்சினை மேடைப் பூவில் தொடங்கியது.

இரவு உணவு முன்னால் வைக்கப்பட்டிருக்கும்போது தொழுகைக்கு இகாமத் சொல்லப்பட்டால் முதலில் சாப்பிட்டுவிடும்படி நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியதை புகாரி, முஸ்லிம் இரண்டு நூல்களிலும் காண்கிறோம். பசித்த மனம் தட்டையே நினைத்துக்கொண்டிருக்கும் என்பதற்கு இதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும்? அதேபோல இரவெல்லாம் வணக்கம், பகலெல்லாம் நோன்பு என்று இருந்த அபுத்தர்தா (ரலி) அவர்களிடம், இறைவனுக்கும் உடலுக்கும் குடும்பத்துக்கும் தனித்தனி உரிமை உண்டு, அவரவர்க்கு உரியதைக் கொடுங்கள் என்று ஸல்மான் (ரலி) அவர்கள் எடுத்துச் சொன்னார்கள். நபியவர்களும் ஸல்மான் சொன்னது சரி என்றே ஏற்றுக்கொண்டார்கள்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம்

காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் போன்ற ஊர்களில் வழக்கமாகக் காணும் வீடு. கணவர் தம்மாமிலோ துபாயிலோ வேலையில் இருக்கிறார். வீட்டில் மனைவி, மூட்டுவலியோடு மாமியார், பத்தாம் வகுப்பில் ஒரு மகன், கீழ் வகுப்பில் ஒரு மகள். வெளியில் இருந்து பார்த்தால் பணம் வருகிறது, குறை என்ன என்று தோன்றும். அந்தப் பெண்ணின் தலைக்குள் இருக்கும் பட்டியல் யாருக்கும் தெரியாது. மாமிக்கு மாத்திரை எப்போது தீரும், மகனின் டியூஷன் பீஸ் எந்தத் தேதி, சிலிண்டர் பதிவு செய்தோமா, எந்த வீட்டு மௌத்துக்குப் போகவில்லை, யார் கோபித்துக்கொள்வார்கள். வேலையைச் செய்வது ஒரு பாரம். நினைவில் வைத்திருப்பது தனிப் பாரம். இரவில் கணவர் வீடியோ காலில் வந்து "அதை ஏன் இன்னும் செய்யல?" என்று கேட்டால் அது மூன்றாவது பாரம்.

இந்த வீட்டில் முதலில் செய்ய வேண்டியது, அந்தப் பட்டியலைத் தலையிலிருந்து தாளுக்கு இறக்குவது. பிறகு ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி: இந்த வாரம் இதைச் செய்யாவிட்டால் யாருக்காவது உண்மையாகவே பாதிப்பு வருமா? இருபது வரியில் மூன்று நான்குதான் தேறும். மாமியின் மாத்திரை தேறும். மகனோடு தினமும் அரை மணி நேரம் உட்காருவது தேறும். அந்தப் பெண்ணின் தூக்கமும் தேற வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அதை யாரும் எழுதுவதே இல்லை.

மீதியில் பாதியை வெளிநாட்டில் இருப்பவரே எடுத்துக்கொள்ளலாம். கரண்ட் பில், ஸ்கூல் பீஸ், சிலிண்டர் பதிவு, டாக்டரிடம் நேரம் வாங்குவது எல்லாமே இன்று போனில் முடிகிற காரியங்கள். தம்மாமில் இருந்து செய்தாலும் பில் கட்டப்படும். பணம் அனுப்புவதோடு பொறுப்பு முடிந்தது என்ற எண்ணத்தை மாற்றிக்கொள்ளும் கணவர், மனைவியின் மனதில் இருந்து ஐந்தாறு வரிகளை அழித்துவிடுகிறார். இந்தப் பேச்சை யார் தொடங்குவது என்பதுதான் பல வீடுகளில் சிக்கல். கணவரே தொடங்குவது நல்லது என்பது நம் கருத்து.

கஷ்டமான பகுதி, 'முடியாது' என்று சொல்வது. வலீமா அழைப்பை ஏற்பது மார்க்கத்தில் வலியுறுத்தப்பட்ட ஒன்று. ஆனால் பெண் பார்த்த விருந்து, சீர் வரிசை பார்க்கும் விருந்து, மறுவீட்டு விருந்து எல்லாவற்றுக்கும் அதே எடை கிடையாது. "மகனுக்குப் பரீட்சை, இன்ஷா அல்லாஹ் இன்னொரு நாள் வர்றோம்" என்று முன்கூட்டியே ஸலாம் சொல்லிப் பேசிவிட்டால் பெரும்பாலும் யாரும் கோபிப்பதில்லை. கோபித்தால் அடுத்த பெருநாளில் சரியாகிவிடும். தவறிய பரீட்சை அப்படிச் சரியாகாது.

போனைப் பொறுத்தவரை நீட்டிப் பேச ஒன்றுமில்லை. தெருக் குழு, குடும்பக் குழு, ஸ்கூல் குழு எல்லாவற்றையும் சத்தமில்லாமல் வைத்துவிட்டு, அஸருக்குப் பிறகு ஒரு தடவை பார்த்தால் போதும். உண்மையில் அவசரம் என்றால் அழைப்பார்கள். சுப்ஹுக்கும் பள்ளிக்கூட நேரத்துக்கும் இடையில் கிடைக்கும் அமைதியான பொழுதில் போனைத் தொடாமல் இருந்தால், அன்றைக்கு மிக முக்கியமான ஒரு வேலை அதிலேயே முடிந்துவிடும். ஐந்து வேளைத் தொழுகை நாளை ஏற்கனவே துண்டு துண்டாகப் பிரித்துத் தந்திருக்கிறது. ஒரு துண்டுக்கு ஒரு வேலை என்று வைத்துக்கொண்டால் மனம் தாவுவது குறையும்.

பட்டியல் போதாத நேரம்

எல்லா மனச்சோர்வையும் வரிசைப்படுத்தித் தீர்த்துவிட முடியாது. இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கமின்மை, எதிலும் பிடிப்பின்மை, காரணமில்லாத அழுகை, வாழ்ந்து என்ன பயன் என்ற பேச்சு இருந்தால் அதற்கு மருத்துவம் தேவை. "ஈமான் குறைவு", "நல்லா ஓது, சரியாயிடும்" என்று சொல்லி அனுப்புவது அவர்களின் நோயோடு குற்ற உணர்வையும் சேர்த்துக் கட்டிவிடுவதாகும். ஓதுவதும் துஆவும் தொடரட்டும். மருத்துவம் அவற்றுக்கு எதிரி இல்லை. பல்க் நகர்ப் பகுதியைச் சேர்ந்த அபூ ஸைத் அல்-பல்கீ (மறைவு 934) என்ற முஸ்லிம் அறிஞர் உடலின் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் சேர்த்தே ஒரு நூல் எழுதினார். காரணம் தெரிந்து வரும் கவலையும், காரணமே தெரியாமல் வரும் துயரமும் வேறு வேறு என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அதில் பிரித்துக் காட்டினார்.

இந்தியாவில் 2022 அக்டோபரில் தொடங்கிய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். இலங்கையில் தேசிய மனநல உதவி எண் 1926. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. இந்த நிலையில் இருப்பவரிடம் "நீயே போய்ட்டு வா" என்று சொன்னால் போக மாட்டார். போகும் தெம்பு இருக்காது. வீட்டில் ஒருவர் அன்றைய வேலையைத் தள்ளி வைத்துவிட்டுக் கூடவே போக வேண்டும். மருந்துச் சீட்டை வாங்கி, அடுத்து வர வேண்டிய தேதியைத் தன் போனில் குறித்துக்கொள்ள வேண்டியவரும் அவரே.