பெயின்ட்டுக்குக் கீழே
திருவனந்தபுரம் கடற்கரையில் பழைய வள்ளத்தைப் புதுப்பிப்பது உயிரையும் பிழைப்பையும் காக்கும் வேலை

விழிஞ்ஞம் முதல் அஞ்சுதெங்கு வரை மணலில் ஏற்றி வைத்திருக்கும் வள்ளங்களைத் தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாமே புதுசுபோலத் தெரியும். நீலம், மஞ்சள், சிவப்பு என்று கண்ணைப் பறிக்கும் பெயின்ட். பக்கவாட்டில் புனிதரின் பெயர் அல்லது வீட்டுக் குழந்தையின் பெயர். வள்ளத்தின் உண்மையான வயதை அறிய, கிட்டே போய் விரல்முட்டியால் தட்டிப் பார்க்க வேண்டும். கெட்டியான ஓசை வந்தால் கவலையில்லை. 'பொத்'தென்று மந்தமாக ஒலித்தால், மேலே போர்த்திய ஃபைபர் உள்ளே இருக்கும் பலகையை விட்டுப் பிரிந்துவிட்டது என்று அர்த்தம். அந்த இடுக்கில் உப்புத் தண்ணீர் புகுந்தால் பலகை அழுகத் தொடங்கும். மேலே எத்தனை கோட் பெயின்ட் அடித்தாலும் அழுகல் நிற்காது.

ஒரு காலத்தில் இந்தப் பிரச்சினையே கிடையாது. கன்னியாகுமரி மாவட்டத்தைப் போலவே இங்கும் கட்டுமரம்தான் ராஜா. கயிற்றை அவிழ்த்து, மரங்களைக் கரையில் உலர்த்திவிட்டு, மறுபடி கட்டிக்கொண்டு போகலாம். ஆனால் அதற்கேற்ற பெரிய மென்மரத் தடிகள் அரிதாகி, விலையும் ஏறியது. 1980களின் தொடக்கத்தில் திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பான 'சிஃப்ஸ்' பிளைவுட் வள்ளங்களைப் பரப்ப ஆரம்பித்தது. கன்னியாகுமரி மாவட்டத்து முட்டத்தில் படகு கட்டும் தளம் இயங்கியது. பொருளாதார அறிஞர் ஷூமாக்கர் பிரிட்டனில் நிறுவிய இடைநிலைத் தொழில்நுட்பக் குழு வடிவமைப்பில் உதவியது. பிளைவுட் பலகைகளைத் துணிபோலத் தைத்து, மூட்டுகளில் ஃபைபர் பட்டையை ரெசின் கொண்டு ஒட்டும் முறை அது. அலையைத் தாண்டிப் போகவும், கரையில் ஏற்றவும் தோதான இலகுவான வள்ளம் கிடைத்தது. அவுட்போர்டு எஞ்சினும் சேர்ந்துகொண்டது.

கூடவே தேய்மானமும் வந்தது. இந்தக் கரையில் துறைமுகங்கள் குறைவு. பல ஊர்களில் கடலுக்குப் போகும்போதும் திரும்பும்போதும் வள்ளத்தை மணலில் இழுத்தாக வேண்டும். உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதுபோல் மணல் அடிப்பாகத்தைத் தின்கிறது. பின்பக்கம் எஞ்சினின் அதிர்வு. முன்பக்கம் அலையின் அறை.

புதுப்பிக்கும் வேலை சுரண்டுவதில் தொடங்குகிறது. பழைய பெயின்ட்டையும் தளர்ந்த ஃபைபரையும் கிரைண்டரால் தேய்த்து எடுக்கிறார்கள். அழுகிய பலகையை நல்ல மரம் தெரியும்வரை வெட்டி நீக்கிப் புதுத்துண்டு பொருத்துகிறார்கள். பிறகு வள்ளம் நன்றாகக் காய வேண்டும். பலரும் அவசரப்படும் இடம் இதுதான். ஈரப் பலகையில் ரெசின் பிடிக்காது. பிடித்ததுபோல் காட்டிச் சில மாதங்களில் தோலாக உரியும். ரெசினை இறுகவைக்கும் திரவத்தின் அளவும் முக்கியம். கூடினால் பூசுவதற்குள் டப்பாவிலேயே கல்லாகிவிடும். குறைந்தால் நாள்கணக்கில் பிசுபிசுக்கும். ஃபைபர் தூள் நுரையீரலுக்கு ஆகாது. மூக்கில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டால் போதாது, முகக்கவசம் வேண்டும்.

நாளும் பார்க்க வேண்டும். தென்மேற்குப் பருவமழையில் மற்ற கரைகளில் அலை சீறும்போது, துறைமுகத்தின் பாதுகாப்பைத் தேடிப் பல ஊர் மீனவர்கள் விழிஞ்ஞத்துக்கு வருவார்கள். கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை 52 நாள் விசைப்படகுகளுக்கு இழுவலைத் தடை. பாரம்பரிய வள்ளங்களுக்குத் தடை இல்லை. அவர்களுக்கு அதுதான் அறுவடைக் காலம். ஆகவே வெயில் உள்ளபோதே, மழை தொடங்குமுன், வள்ளம் தயாராக வேண்டும். வேலை நடக்கும் நாட்களில் வருமானம் இல்லை. கையில் காசில்லாதவர் மீன் ஏலக்காரரிடம் கடன் வாங்கினால் பிடிக்கும் மீனை அவரிடமே கொடுக்க நேரும். இந்தப் பிடியிலிருந்து விடுபடவே மீனவர் சங்கங்கள் உருவாயின.

இந்த வள்ளங்களின் அருமையை மலையாள நாடு முழுவதும் 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் பார்த்தது. 2017 நவம்பர் 30 அன்று வீசிய ஒக்கி புயலில் பலரைப் பறிகொடுத்த இதே கரையிலிருந்து, ஒன்பது மாதம்கூட ஆகாத நிலையில், மீனவர்கள் வள்ளங்களை லாரிகளில் ஏற்றிக்கொண்டு செங்கன்னூர் பக்கம் விரைந்தார்கள். மாநிலம் முழுவதும் 669 வள்ளங்களில் 4,537 மீனவர்கள் சுமார் 65,000 பேரைக் காப்பாற்றியதாக அரசின் கணக்கு. 'கேரளத்தின் ராணுவம்' என்று முதல்வர் பினராயி விஜயன் பாராட்டினார். ஆனால் அலைக்காகக் கட்டிய வள்ளங்கள் மதில்களிலும் இரும்பு கேட்டுகளிலும் மோதின. அடிப்பாகம் கிழிந்தும் எஞ்சின் விசிறி உடைந்தும் பல திரும்பின. வள்ளத்துக்கு நாளொன்றுக்கு 3,000 ரூபாயும் எரிபொருளும் தருவதாகவும், சேதமானவற்றைப் பழுதுபார்க்கும் செலவை ஏற்பதாகவும் அரசு அறிவித்தது. பணம் வேண்டாம் என்று சொன்னவர்களும் உண்டு.

பெயின்ட்டுக்கு வேறு வேலையும் இருக்கிறது. 2008 நவம்பர் 26 மும்பைத் தாக்குதலுக்கு வந்தவர்கள் 'குபேர்' என்ற குஜராத் மீன்பிடிப் படகைக் கடத்தித்தான் வந்தார்கள். அதன்பின் கடலோர மாநிலங்களின் படகுகளுக்குத் தனித்தனி வண்ண அடையாளம் வேண்டும் என்று மத்திய அரசு வலியுறுத்தியது. மறுபடி பெயின்ட் அடிக்கும்போது பதிவு எண்ணையும் தெளிவாக எழுத வேண்டும்.

ஒவ்வொரு முறை ஃபைபர் போர்த்தும்போதும் வள்ளத்தின் எடை ஏறுகிறது. எடை ஏறினால் எரிபொருள் கூடுதலாகக் குடிக்கும். மணலில் இழுக்க ஆளும் அதிகம் வேண்டும். ஒரு கட்டத்தில் எஞ்சினைக் கழற்றிப் புதிய வள்ளத்துக்கு மாற்றுவதே லாபம். அந்தக் கட்டம் எப்போது என்று முடிவெடுப்பதுதான் உரிமையாளருக்குக் கஷ்டமான கணக்கு.

இப்போது புதிதாக ஒரு தலைவலி. வலியதுறை, சங்குமுகம் பகுதிகளில் கடல் மணற்பரப்பைப் பெருமளவு அரித்துவிட்டது. விழிஞ்ஞத்தில் எழுந்த சரக்குத் துறைமுகமே காரணம் என்று கூறி 2022இல் மீனவர்கள் மாதக்கணக்கில் போராடினார்கள். புயல்களே காரணம் என்றது எதிர்த்தரப்பு. காரணம் எதுவானாலும் விளைவு ஒன்றுதான். வள்ளத்தைக் கவிழ்த்துப் போட்டு, சுரண்டி, காயவைக்க அகலமான கரை வேண்டும். ரெசினும் பலகையும் கடையில் கிடைக்கின்றன. கரையை எந்தக் கடையில் வாங்குவது?