யாரும் பார்க்காததை எப்படிச் சோதிப்பது?

பத்தாம் வகுப்பில் பரிணாமப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். "சார், அதை யாருமே பார்க்கலையே, எப்படி உண்மைன்னு சொல்றீங்க?" என்று ஒரு மாணவி கேட்டாள். "விஞ்ஞானிகள் கண்டுபிடித்திருக்கிறார்கள்" என்று சமாளித்தேன். அது விடையல்ல என்பது எனக்கே தெரிந்தது. மறுநாள் டிக்டாலிக் பற்றிச் சொன்னேன்.

சுமார் 38.5 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பாறைகளில் மீன்களின் புதைபடிவங்கள் கிடைத்திருந்தன. 36.5 கோடி ஆண்டுப் பாறைகளில் நான்கு கால் விலங்குகள் கிடைத்திருந்தன. மீன்களிலிருந்து அவை தோன்றியிருந்தால், இடைப்பட்ட காலப் பாறையில் இரண்டின் பண்புகளும் கொண்ட உயிரி இருக்க வேண்டும். அமெரிக்க ஆய்வாளர் நீல் ஷூபினும் அவரது குழுவினரும் இப்படித்தான் கணித்தார்கள். பழங்கால ஆறுகள் படியவைத்த, அந்த வயதுடைய பாறைகள் வெளியே தெரியும் இடத்தை நிலவியல் வரைபடத்தில் தேடினார்கள். கனடாவின் ஆர்க்டிக் பகுதி பொருத்தமாக இருந்தது. 1999 முதல் பலமுறை சென்று தேடினார்கள். 2004இல் எல்ஸ்மியர் தீவில், சுமார் 37.5 கோடி ஆண்டுப் பாறையில் டிக்டாலிக் கிடைத்தது. மீனைப் போலச் செதிலும் துடுப்பும் இருந்தன. மீனுக்கு இல்லாத கழுத்தும், துடுப்புக்குள் மணிக்கட்டு போன்ற எலும்புகளும் இருந்தன.

கடந்த காலத்தை மீண்டும் நடத்திக் காட்ட முடியாது. ஆனால், அது இப்படி நடந்திருந்தால் எங்கே, என்ன தடயம் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லலாம். போய்த் தேடுவதுதான் சோதனை.

"கணிப்பு தப்பாப் போனா?" என்றாள் அதே மாணவி. அதற்கும் சான்று உண்டு. போலந்தில் சுமார் 39 கோடி ஆண்டுப் பாறையில் நான்கு கால் விலங்கின் தடங்கள் கண்டறியப்பட்டதாக 2010இல் ஓர் ஆய்வு வெளியானது. டிக்டாலிக்கைவிட அவை பழையவை. எனவே, இந்த மாற்றம் முன்பே தொடங்கியிருக்கலாம் என்று கால வரிசையை மறுபடி ஆராய வேண்டியதாயிற்று. டிக்டாலிக்கை நேரடி மூதாதை என்று சொல்லாமல், மாற்றம் எப்படி இருந்திருக்கும் என்பதற்கான சான்று என்று சொல்வதே சரி.

இப்பாடத்தை நடத்தும்போது முடிவை முதலில் சொல்லிவிடாதீர்கள். கரும்பலகையில் இரண்டு காலங்களை மட்டும் எழுதி, "எந்த வயதுப் பாறையில் தேடுவீர்கள்? என்ன உறுப்புகளை எதிர்பார்ப்பீர்கள்?" என்று கேளுங்கள். விடைகளைக் குறிப்பேட்டில் எழுதிய பிறகு டிக்டாலிக்கின் படத்தைக் காட்டுங்கள். தாங்கள் கணித்தது படத்தில் இருப்பதைப் பார்க்கும் பிள்ளைகளுக்கு, நம்பச் சொல்லி வற்புறுத்த வேண்டியிருக்காது.